யாருக்கு எந்த வேஷம்?
பள்ளிக்கூட மேடையும் பழைய மாணவர் சங்கமும்

இரண்டு மாதங்களுக்கு முன் பாரிஸ் புறநகர் மண்டபம் ஒன்றில் எமது ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் தனது கலைவிழாவை நடத்தியது. அடுத்து வரவிருக்கும் மலருக்கு அதைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதித் தரும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். விமர்சனம் என்று அவர்கள் கருதியது பாராட்டுரையை. பாராட்டுரை எழுதுவோருக்கு எம்மிடையே பஞ்சமில்லை என்பதால் அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிட்டு, எனக்குத் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

பாடசாலையின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. சந்தையும் பஸ் நிலையமும் ஒரு தியேட்டரும் கொண்ட வடமராட்சிச் சிறுபட்டினம் ஒன்றின் உயர்தரப் பாடசாலை அது. பெயரைச் சொன்னால் இது அந்த ஒரு பாடசாலையின் குற்றமாகக் குறுகிவிடும். மற்றப் பாடசாலைகளின் பழைய மாணவர்கள் நிம்மதியாக நித்திரைக்குப் போய்விடுவார்கள்.

முதலில் சங்கத்திற்கு உரியதைச் சொல்லிவிட வேண்டும். போரில் சிதைந்த கட்டடங்களுக்கு இவர்கள் பணம் அனுப்பியிருக்கிறார்கள். விஞ்ஞான கூடத்திற்கும் நூலகத்திற்கும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் வசதியானவர்களின் உபரி அல்ல. கோப்பை கழுவியும், இரவில் அலுவலகங்கள் துடைத்தும் சேர்த்த பணம். ஆகவே இது வீட்டுக்குள்ளிருந்து எழும் சண்டை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விழாவின் முக்கிய நிகழ்ச்சி, 'அரிச்சந்திரன் மயான காண்டம்' என்ற இருபத்தைந்து நிமிட நாடகம். பாரிசில் பிறந்த பிள்ளைகள் நடித்தார்கள். வசனத்தைத் தமிழ் எழுத்தில் வாசிக்க முடியாத பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. அதுவும் சரிவராது என்று தோன்றியபோது பெரியவர்கள் குரல் கொடுத்து ஒலிப்பதிவு செய்துவிட்டார்கள். பிள்ளைகள் வாயை அசைத்தார்கள். உடைகள் பளபளத்தன. பின்திரை கணினியில் வரைந்த சுடலை. சுடலைக் காவலுக்குத் தலைவனான வீரபாகுவாக வந்த பையனின் முகத்திலும் கையிலும் கரி பூசியிருந்தார்கள். முன்வரிசையில் அவனுடைய வகுப்புத் தோழர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவன் மாலி நாட்டுப் பெற்றோரின் பிள்ளை. அவன் என்ன நினைத்தானோ தெரியாது. எனக்கு அவன் பக்கம் திரும்பிப் பார்க்க வெட்கமாயிருந்தது.

பாதி நாடகத்தில் ஒலிப்பதிவு நின்றுவிட்டது. சந்திரமதியாக நின்ற சிறுமிக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். மடியில் லோகிதாசனைக் கிடத்தியபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். எரிகூலியாக முழத்துண்டும் காற்பணமும் வாய்க்கரிசியும் கேட்டு எதிரே அரிச்சந்திரன் நிற்கிறான். அவள் தலையை நிமிர்த்தி, "மிஸ்யூ, என்னட்டை ஒண்டும் இல்லை. இவன் என்ரை பிள்ளை" என்றாள். சபை சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி மண்டபம் அமைதியானது. அந்த அமைதிதான் அன்றைய மாலையில் நடந்த ஒரே நாடகம். உதவிப் பணத்திற்கான படிவத்தோடு கவுண்டரின் முன் நிற்கும் தாயை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறாள். அவளுக்குச் சந்திரமதியை விளங்கியிருக்கிறது. அதற்குள் யாரோ ஓடிப்போய் ஒலிப்பதிவைச் சரிசெய்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை மறுபடியும் வாயசைக்கத் தொடங்கினாள்.

இந்த நாடகத்தை ஏன் தெரிவு செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். லாச்சப்பலில் ஒரு றெஸ்ரோறன்ற்றின் மேல்மாடியில் நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். '1974இல் எங்கள் பாடசாலை மேடையேற்றிய புகழ்பெற்ற நாடகம், அதையே மீண்டும் செய்வோம்' என்று ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். அப்போது நான் வாய் திறக்கவில்லை. 1974இலும் நான் வாய் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையின் விடயம் அதுதான்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை மாணவர் மன்றத்துக்கு உரியது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எல்லாப் பதவியும் உண்டு. தேவாரத்துடன் தொடங்கும். சென்ற கூட்டத்தின் அறிக்கையைச் செயலாளர் வாசிப்பார். 'திருத்தங்கள் உண்டா?' என்று தலைவர் கேட்பார். பிறகு பேச்சு, பாட்டு, விவாதம். பேனாவா வாளா, நகரமா கிராமமா என்ற தேய்ந்துபோன தலைப்புகள்தான். ஆனாலும் உமக்கு உடன்பாடில்லாத பக்கத்தில் உம்மைப் போட்டுப் பேச வைப்பார்கள். எதிராளி பேசி முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். கேட்கவும் நிறுத்தவும் எமக்குப் பழக்கிய இடம் என் அனுபவத்தில் அது ஒன்றுதான்.

அந்த ஆண்டு நான் உயர்தர வகுப்பு மன்றத்தின் செயலாளர். பரிசளிப்பு விழாவுக்கு மயான காண்டம் என்று முடிவாயிற்று. தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்களின் வழியாக யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய இசைநாடக மரபு அப்போது உயிரோடிருந்தது. நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திரனைப் பார்க்கச் சனம் பாயோடும் தலையணையோடும் போய் விடியும்வரை இருக்கும். எமது வகுப்பில் ஒருவர் தகப்பனோடு இப்படி ஊர் ஊராகப் போய் அந்தப் பாட்டுகள் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தார். அவருடைய குரலுக்குக் கிட்ட நிற்கக்கூடியவர் அந்தப் பாடசாலையில் ஒருவருமில்லை. அவர் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளை.

நாடகம் பழக்கிய ஆசிரியர் அவருக்கு வீரபாகு பாத்திரத்தைக் கொடுத்தார். 'உனக்கு அது இயல்பா வரும்' என்றார். அரிச்சந்திரன், பட்டினத்துக் கடைக்காரர் ஒருவரின் மகன். சுருதி சேராத குரல், ஆனால் நல்ல நிறம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்தில் அவர் எழுந்தார். "நான் ஏன் அரிச்சந்திரனா நடிக்கேலாது?" என்று கேட்டார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. தலைவர் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் யன்னலைப் பார்த்தார். 'இது நிகழ்ச்சி நிரலில் இல்லை' என்று தலைவர் சொன்னார். நான் அறிக்கைப் புத்தகத்தில் எழுதினேன்: 'பாத்திரங்கள் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டன.' அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தேன். திருத்தங்கள் உண்டா என்று கேட்கப்பட்டது. அவர் அன்று வரவில்லை. திருத்தம் இல்லை என்றாயிற்று. விழாவில் வேறொருவன் முகத்தில் கரி பூசிக்கொண்டு வீரபாகுவாக நடித்தான்.

இதைத் தனிமனிதக் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1924இல் உருவாகிப் பின்னர் இளைஞர் காங்கிரஸ் ஆன யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது, 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்து பேசியதில் பிறந்த இயக்கம் அது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் சமஆசனம் வந்தபோது, நிலத்தில் இருந்த பிள்ளைகள் வாங்கில் ஏறுவதைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளுக்கே தீ வைத்தார்கள். நான் பிறந்த 1957இல் சாதியின் பெயரால் தடை செய்வது சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. 1960, 61இல் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. இப்படியாக 1974இல் அவரும் நானும் ஒரே வாங்கில் இருந்தோம். வாங்குக்குச் சட்டம் வந்துவிட்டது, மேடைக்கு வரவில்லை. வாங்கில் இழந்ததை மேடையில் மீட்டுக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். பரிசளிப்பு விழா என்பது ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் வந்திருக்கும் நாள். தமது ஒழுங்கு இன்னும் குலையவில்லை என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கலைவிழா முடிந்து மெற்றோவுக்கு நடக்கும்போது சங்கத்தவர் ஒருவர் அதைச் சொன்னார்: 'அரிச்சந்திரன் கதை சாதிக்கு எதிரானது. அரசனே சுடலை காக்கிறான். வீரபாகு அரசனுக்கே எசமான். காந்தி சின்ன வயதில் பார்த்து உருகிய கதை.' காந்தி உருகியது உண்மை, அவரே எழுதியிருக்கிறார். ஆனால் கதை எப்படி நகர்கிறது என்று பாருங்கள். அரசன் சுடலைக்குப் போகிறான், சோதனை முடிந்ததும் அரியணைக்குத் திரும்புகிறான். சுடலை அவனுக்கு ஒரு வேஷம். வீரபாகு திரும்பிப் போக இடமில்லை. அவன் முதலிலும் சுடலையில், முடிவிலும் சுடலையில். மேல்சாதிப் பையன் ஒரு இரவுக்குச் சுடலை காத்துக் கைதட்டு வாங்கலாம். சுடலைக்கு அருகில் வாழ்ந்த பையன் ஒரு இரவுக்குக்கூட அரசனாக முடியாது. கதையில் எதிர்ப்பு இருக்கலாம். எமது பள்ளிக்கூட மேடை அதைப் பாத்திரப் பங்கீட்டில் வைத்து முறியடித்துவிட்டது. நாடகத்தின் அரசியல் எழுத்துப் பிரதியில் மாத்திரம் இல்லை, யாருக்கு எந்த வேஷம் என்ற தீர்மானத்திலும் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

வேறு வழி இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அதை வைத்து 'கந்தன் கருணை' மேடையேறியது. எமது பாடசாலைக்கு அது எட்டவில்லை. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் களப்பயிற்சிகளில் பிரதிக்கு முன் விளையாட்டு வந்தது. வட்டமாக நின்று எல்லோரும் எல்லாமாகிப் பார்த்தார்கள். ஒருவரே மரமாகவும் மந்திரியாகவும் மாறினார். 'கூடி விளையாடு பாப்பா' போன்ற சிறுவர் நாடகங்கள் பாடசாலைகளுக்கு வந்தது இந்த வழியால்தான். 1985இல் யாழ். பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்ட 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போய் ஆடப்பட்டது. சண்முகலிங்கம் எழுதி, சிதம்பரநாதன் நெறிப்படுத்திய அந்த நாடகத்திற்குக் கரை போட்ட சீனும் கிரீடமும் தேவைப்படவில்லை. இந்த மாற்றத்தைக் கண்ட தலைமுறை ஒன்று எம்மிடையே பாரிசிலும் இருக்கிறது. ஆனால் பழைய மாணவர் சங்கம் கூடும்போது எமக்கு நினைவுக்கு வருவது கிரீடம்தான். களப்பயிற்சி வருவதில்லை.

மன்றத்தையும் இப்படித்தான் பாதியாக நினைவில் வைத்திருக்கிறோம். தலைவர், செயலாளர், பொன்னாடை, நன்றியுரை எல்லாம் கடல் கடந்து வந்துவிட்டன. 'திருத்தங்கள் உண்டா?' என்ற கேள்வி மட்டும் வரவில்லை. அது ஊரிலேயே செத்துப்போயிருந்தது. 1970இல் தரப்படுத்தலுக்கு எதிராகத் தமிழ் மாணவர் பேரவை எழுந்தபோது, நியாயமான கோபம் ஒன்றுக்கு மாணவர்கள் குரல் கொடுத்தார்கள். பின்னர் வந்த காலத்தில் கேள்வி கேட்பதே நிகழ்ச்சி நிரலில் இல்லாமற் போயிற்று. 1986 நவம்பரில் விஜிதரன் என்ற மாணவர் காணாமற் போனபோது, யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் உண்ணாவிரதமிருந்து 'அவர் எங்கே?' என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மன்றத்தில் ஒரு பையனின் ஒற்றைக் கேள்வியை ஒதுக்கப் பழகியவர்களுக்கு, அந்தக் கேள்வியை ஒதுக்குவதும் பெரிய காரியமாக இருக்கவில்லை. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பழக்கம் ஒன்று.

லாச்சப்பலில் இருந்துகொண்டு நாடகம் பற்றிப் பேசும் நாம், எமது கடைகளுக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஒரு கட்டடத்தைப் பார்ப்பதில்லை. போபூர் சென் தெனியின் தலைமாட்டில், லாச்சப்பல் மெற்றோவுக்கு அருகே, புவ் து நோர் என்ற நாடக அரங்கு இருக்கிறது. 1876இல் கட்டி, 1952இல் மூடி, 1974இல் பீற்றர் புறூக் மீண்டும் திறந்த அரங்கு. நாம் கரி பூசிய அதே வருடம். 1985 கோடையில் அவர் அவிஞ்ஞோன் கல்லுடைப்புக் குழியில் ஒன்பது மணிநேர மகாபாரதத்தை மேடையேற்றினார். பின்பு அது இந்த அரங்குக்கு வந்தது. அந்த வருடம்தான் நான் பாரிசுக்கு வந்தேன். விசா இல்லை, மொழி இல்லை. சாமான் பையோடு கார் து நோர் பக்கம் போகும்போது சுவரில் 'மகாபாரதம்' என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நடந்தேன். உள்ளே போகக் காசும் இல்லை, துணிவும் இல்லை. பல வருடம் கழித்து அதன் திரைப்பட வடிவத்தைத்தான் பார்த்தேன்.

அதில் பீஷ்மர் மேற்கு ஆபிரிக்கக் கதைசொல்லிப் பரம்பரையில் வந்த சொத்திகி குயாத்தே. துரோணர் யப்பானியரான யோஷி ஒயிடா. வீமன் செனகல் நாட்டவர். திரௌபதி மல்லிகா சாராபாய். புறூக் இந்தக் காவியத்தை அதன் மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டார் என்று ருஸ்தம் பரூச்சா போன்றோர் கடுமையாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. கூத்தில் கர்ணனைப் பார்த்து வளர்ந்த எனக்கும் பல இடங்களில் பசி தீரவில்லை. ஆனால் பாத்திரப் பங்கீடு என்ற ஒரு விடயத்தில் அவருக்கு முன்னால் எமக்கு வாய் இல்லை. அந்தக் கறுத்த, மெலிந்த, நெடிய மனிதர் பீஷ்மராக நிற்கும்போது 'இவர் எப்படிக் குருகுலத்தவர்?' என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்த அரங்கிலிருந்து சிறிது தூரத்தில், றெஸ்ரோறன்ற்றின் மேல்மாடியில் இருந்துகொண்டு, எந்தப் பிள்ளைக்குக் கரி பூசுவது என்று நாம் தீர்மானித்தோம்.

விழா முடிந்து ஒரு வாரத்தின் பின் அவரைக் கண்டேன். அவரும் பாரிசில்தான் இருக்கிறார், முப்பது வருடத்துக்கு மேலாக. சமையலறையில் வேலை செய்து இப்போது ஓய்வு. காய்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் நான் அவரை 'நீ' என்பேன், அவர் என்னை 'நீங்கள்' என்பார். ஒரே வாங்குதான், ஆனாலும் அப்படித்தான். லாச்சப்பலில் இருவரும் 'நீர்'. தேத்தண்ணி குடித்தோம். விழாவைப் பற்றி நானே சொன்னேன்.

"கேள்விப்பட்டனான்" என்றார். "என்ரை பேத்தி நல்லாப் பாடுவாள். கூட்டிக்கொண்டு வரலாமெண்டு மகள் சொன்னவள். நான்தான் வேண்டாமெண்டனான். முதல்லை எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேப்பினம். பிறகு ஊரிலை எந்தப் பக்கம் எண்டு கேப்பினம்."

எந்தப் பக்கம் என்ற கேள்வியின் பொருள் இதை வாசிக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "அந்த அறிக்கைப் புத்தகத்திலை நான் கேட்டது இருக்குமோ?"

இல்லை என்றேன். நான் எழுதவில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. "நீர் எழுதியிருப்பீர் எண்டு நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்று மட்டும் சொன்னார். தேத்தண்ணிக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

அந்தப் புத்தகம் போரில் எரிந்திருக்கும், அல்லது கறையான் அரித்திருக்கும். ஆனால் மன்ற விதியின்படி அறிக்கையைத் திருத்தும் உரிமை செயலாளருக்கு உண்டு. ஐம்பது வருடங்களுக்கு மேல் பிந்தியிருந்தாலும் இங்கே திருத்துகிறேன்: பாத்திரங்கள் ஏகமனதாகத் தெரிவு செய்யப்படவில்லை. ஒரு மாணவர் கேள்வி எழுப்பினார். பதில் அளிக்கப்படவில்லை.

சங்கத்திற்கு எனது யோசனைகள் பெரியவை அல்ல. ஒலிப்பதிவைக் கைவிடுங்கள். பிள்ளைகள் தமக்குத் தெரிந்த தமிழில், பிரெஞ்சு கலந்தாலும், தாமே பேசட்டும். அந்தச் சிறுமி ஒரு வசனத்தில் காட்டித் தந்ததற்கு மேல் எமக்குச் சான்று வேண்டியதில்லை. ஒத்திகை தொடங்குமுன் ஒரு மாதம் பாத்திரம் பங்கிடாமல் எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பாத்திரமும் ஏற்றுப் பார்க்கட்டும். கரியைத் தூக்கிப் போடுங்கள். சங்கத்தின் கதவை அந்தப் பாடசாலையில் படித்தவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தால், படித்தும் உள்ளே வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று ஒரு கூட்டத்தில் பேசுங்கள். அதை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டம் வழமையான மேல்மாடியில் நடக்கும். இந்த இதழின் பிரதி ஒன்றைக் கொண்டு போவேன். அவரையும் கூப்பிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.